நீரளந்த மேதை விசுவேசுவரய்யா

கிழக்கேகோட்டை வாயிலில் நின்று ஒரு துலாமாத மாலையில் மழையைக் கண்டவர்க்கு நாம் சொல்லப்போவது எளிதில் விளங்கும். ஒரு நாழிகை வலுத்துப் பெய்தால் போதும். பழவங்காடி முதல் தம்பானூர் வரை தெருவெல்லாம் ஆறாகிவிடும். சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்யும் நம்மவர் துணி மூட்டைகளையும் அரிசிச் சாக்குகளையும் விரைந்து மேலேற்றுவர். பின்னர்ப் பங்குனி சித்திரை வரும். எங்கோ ஒரு பெருங்குழாய் உடையும். இரண்டு நாள் நீர் வராது. அப்பொழுது குடம் ஏந்தி லாரியின் வரவை எதிர்பார்த்து நிற்போரும் அதே வீட்டாரே.

இவ்வூரை ஆண்ட பழையோர் நீரைப் பற்றி எண்ணாதவர் அல்லர். மார்த்தாண்டவர்மர் காலத்தில் மருதங்குழியருகே கிள்ளியாற்றை மறித்துக் கொச்சாறு என்னும் கால் வெட்டிப் பத்மதீர்த்தக் குளத்துக்கு நீர் கொணர்ந்தனர். கரமனையாற்று நீர் அருவிக்கரையிலிருந்து குழாய் வழியாக நகருக்கு வரத் தொடங்கியது 1933-ஆம் ஆண்டிலே. நம் முன்னோர் நெல்லையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் இங்கே குடிபெயர்ந்தபோது குளமும் மடையும் கலிங்கும் முறைப்பாசனமும் அறிந்தவராகவே வந்தனர். ஆகவே, நீருக்காகவே தம் நெடுவாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுதுதல் நம் குடும்பங்களுக்கு அயலான செய்தி ஆகாது. அவர் தமிழர் அல்லர். தமிழர் சிலர் அவரிடம் மனத்தாங்கல் கொள்ளவும் காரணம் உண்டு. அதனையும் மறையாது கூறுவோம்.

மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா மைசூர் நாட்டில் சிக்கபள்ளாப்பூருக்கு அணித்தான முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் 1861-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் பிறந்தார். 1860 என்று கொள்வாரும் உளர். மோட்சகுண்டம் என்பது ஆந்திர நாட்டில் அவர்தம் முன்னோர் வாழ்ந்த ஊர். அங்கிருந்து பெயர்ந்து வந்து கன்னட நாட்டில் வேரூன்றிய குடும்பம் அது. பிறந்த மண்ணை விட்டு வந்தாலும் ஊர்ப்பெயரைத் தம் பெயரின் முன்னே தாங்கும் வழக்கத்தின் பொருள், இந்நகரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

தந்தையார் சீனிவாச சாஸ்திரி வடமொழி வல்லவர், செல்வர் அல்லர். மகன் பள்ளியிற் பயிலும்போதே அவர் காலமானார். தாய்மாமன் ஒருவரின் ஆதரவால் பெங்களூர் வந்த சிறுவன், ஒரு குடகர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அவ்வருவாயைக் கொண்டு மத்தியக் கல்லூரியில் படித்தான். பட்டம் பெற்றபின் மைசூர் அரசின் உதவித்தொகையுடன் புனா அறிவியல் கல்லூரியிற் பொறியியல் கற்று, 1883-ஆம் ஆண்டு முதல்வனாகத் தேறினான். அடுத்த ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர் வேலை கிடைத்தது. இளமைப் பருவத்தை இவ்வளவிற் சுருக்குகிறோம். வறுமையிற் படித்து உயர்ந்தார் வரலாறு நம் நாட்டில் ஏராளம். அவர் கற்ற கல்வியைக் கொண்டு என் செய்தார் என்பதே நமக்கு வேண்டுவது.

அக்காலத்துப் பொறியாளர்க்கு வழிகாட்டும் நூல்கள் ஆங்கில நாட்டிலிருந்து வந்தவை. அங்கு மழை ஆண்டு முழுதும் தூறலாகப் பெய்யும். நம் நாட்டிலோ ஆண்டின் மழை பெரும்பாலும் மூன்று நான்கு திங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய நாளெல்லாம் சேமித்து வைத்த நீரே கதி. ஆற்றின் இயல்பு வேறு, மணலின் இயல்பு வேறு, கருவூலத்தின் அளவும் வேறு. இவ்வேற்றுமையை அவர் ஏட்டிற் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கான்தேசத்துப் பாஞ்சரா ஆற்றில் குழாய் பதித்து நீரை அக்கரைக்குக் கடத்தும் வேலையில், கார்கால வெள்ளத்தோடு போராடிய இளம்பருவத்திலேயே கண்டுகொண்டார்.

சிந்து நாட்டுச் சுக்கூரில் அவருக்கு நேர்ந்த சோதனையை இங்கே சற்று விரித்துரைத்தல் தகும். சுக்கூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. சிந்து நதியின் கரையிலேயே ஊர் இருந்தது. ஆயினும் குடிநீர்க்குத் தவித்தது. நதி நீர் அத்துணை வண்டல் கலந்தது. நீரைக் குன்றின்மேல் ஏற்றி, வடிகட்டும் மணற்படுகைகளை அமைத்து, அதன்பின் ஊருக்குள் விடுவதே நூல்கள் கூறிய வழி. அதற்கு வேண்டிய பணம் நகராட்சியிடம் இல்லை. பணம் வரும்வரை பொறுத்திருங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டு வேறு பணி பார்த்திருக்கலாம்; பலர் அதைத்தான் செய்திருப்பர்.

விசுவேசுவரய்யா ஆற்றையே நோக்கினார். ஆற்றுப் படுகையின் மணல் இயற்கையே இட்ட வடிகட்டி அன்றோ? படுகையின் ஓரத்தே ஆழ்ந்த கிணறு ஒன்று தோண்டச் செய்தார். மணலின் ஊடே கசிந்து வந்த நீர் தெளிந்திருந்தது. ஊற்றின் அளவு போதாமையின், கிணற்றின் அடியிலிருந்து ஆற்றுப் படுகையின் கீழே சுரங்கம் ஒன்று செலுத்தி வரவைப் பெருக்கினார். தெளிந்த நீரை எந்திரத்தால் குன்றின்மேல் ஏற்றி ஊருக்கு விட்டார். 1895-ஆம் ஆண்டு அவ்வேலை முடிந்தது. வைகையிலும் பாலாற்றிலும் கோடைக்காலத்தில் மணலைக் கையாற் பறித்து ஊற்று நீர் முகக்கும் நம் பெண்டிர்க்கு இந்த உண்மை புதியதன்று. அவ்வூற்றுக்குரிய அறிவை ஒரு நகரத்துக்குப் போதும் அளவில் அமைத்துக் காட்டியதே அவர் செய்த அருமை.

அடுத்து வந்தது புனா. அந்நகருக்கும் கிர்க்கிப் பாசறைக்கும் நீர் தந்தது முத்தா ஆற்றின் குறுக்கே கடக்வாஸ்லாவில் 1879-இல் முடிந்த கல்லணை. பைஃப் ஏரி என்று அதன் நீர்த்தேக்கத்தைக் கூறுவர். ஆண்டுதோறும் கார்காலத்தில் ஏரி நிரம்பிக் கலிங்கின் மேல் பல அடி உயரத்துக்கு நீர் வழிந்து வீணே கடலுக்குப் போகும். கோடையில் அதே ஏரி வற்றி ஊர் தவிக்கும். அணையை உயர்த்தலாமெனின், பழைய கட்டடம் அப்பாரத்தைத் தாங்குமோ என்ற அச்சம். கலிங்கின்மேல் பலகை அடைக்கலாமெனின், நள்ளிரவில் திடீரென வெள்ளம் வரும்போது பலகையை எடுப்பார் யார்? ஒரு காவலாளி உறங்கிவிட்டால் ஊரே அழிந்துபோகும்.

இவ்விடத்தே அவர் வகுத்ததுதான் தானியங்கு வெள்ளக்கதவு. கலிங்கின்மேல் நிரையாக இரும்புக் கதவுகளை நிறுத்தினார். அவற்றைக் கப்பிகளாலும் சங்கிலிகளாலும் எடைகளோடு பிணைத்தார். ஏரி குறித்த மட்டத்துக்கு நிரம்பும் வரை கதவுகள் மூடியே நிற்கும். அம்மட்டத்தை நீர் கடந்த நொடியில், கடந்த அந்நீரே ஒரு தொட்டிக்குள் பாய்ந்து, எடைகளின் சமநிலையை மாற்றும். கதவுகள் தாமே திறந்து வெள்ளத்தை விடும். வெள்ளம் தணிந்ததும் தாமே மூடிக்கொள்ளும். எந்திரமும் வேண்டா, நீராவியும் வேண்டா, காவலாளியின் விழிப்பும் வேண்டா. எந்த நீர் ஆபத்தை விளைக்குமோ அந்த நீரையே காவலுக்கு வைத்தார் எனலாம். அணையின் கல்லைத் தொடாமலே ஏறத்தாழ 8 அடி நீர் மிகுதியாகத் தேங்கியது.

1903-ஆம் ஆண்டளவில் அக்கதவுகள் பொருத்தப்பெற்றன. அவற்றுக்குக் காப்புரிமையும் பெற்றார். ஆயினும் அரசு ஊழியனாகச் செய்த வேலைக்கு உரிமைத்தொகை பெறுதல் முறையன்று என்று அதனை வாங்க மறுத்தார். அவரைப் பற்றி இரண்டு மெழுகுதிரிக் கதையும் இரயில் தண்டவாளக் கதையும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகின்றன. அவற்றின் உண்மையை ஆராய்வதில் நமக்கு விருப்பமில்லை. இந்த உரிமைத்தொகைச் செய்தி ஒன்றே அவர்தம் நேர்மையைக் காட்டப் போதும்.

கதவைப் போலவே கால்வாயிலும் அவர் கருத்துச் சென்றது. நீரா ஆற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் தலைமடையில் இருந்த பெருநிலக்காரர் கரும்பு பயிரிட்டு நீரையெல்லாம் உறிஞ்சினர்; நிலமும் உவர்பட்டது; கடைமடையில் இருந்தவர் வானத்தையே பார்த்திருந்தனர். கடைமடையின் துயரம் தஞ்சையிலும் நாஞ்சில் நாட்டிலும் பிறந்தவர் அறியாததன்று. 1899-ஆம் ஆண்டில் அவர் ஒரு முறை வகுத்தார். ஒவ்வோர் ஊரின் பாசன நிலத்தையும் பகுதிகளாகப் பிரிப்பது. மூன்றில் ஒரு பங்கில் மட்டும் கரும்பு போன்ற நீர் மிகுதியும் குடிக்கும் பயிர். எஞ்சியவற்றில் நீர் குறைந்த பயிர். ஆண்டுகள் செல்லச் செல்லப் பங்கு மாறி வருவது. அதனால் நீர் பல ஊர்களுக்குப் பரவும், நிலமும் இளைப்பாறும். கரும்புக்காரர் சினந்தனர், கூட்டம் கூட்டினர். அவர் கோபிக்காமல் கணக்குகளை எடுத்து விரித்து, கேட்பார் யாவர்க்கும் விளக்கினார். நாளடைவில் எதிர்ப்புத் தணிந்தது. நீர்ச்சிக்கலுக்கு இரும்பும் கல்லும் மட்டும் மருந்தாகா, பங்கிட்டு உண்ணும் ஏற்பாடும் ஒரு தொழில்நுட்பமே என்பதை அவர் அன்றே கண்டிருந்தார். நம் நாட்டு வல்லுநர் பலர் இன்றும் இதனை மறந்துவிடுகின்றனர் என்பது எம் கருத்து.

1906-இல் மழையே அரிதான ஏடன் துறைமுகத்துக்கு அனுப்பப்பெற்று, தொலைவிலுள்ள ஆற்றுப்படுகை ஒன்றின் அடிநீரைக் கிணறுகளாற் கொணரலாம் என்று திட்டம் தந்தார். சுக்கூரில் கற்ற பாடமே அங்கும் உதவியது. ஆனால் எத்துணைத் திறமை காட்டினும் துறையின் உச்சிப் பதவி ஆங்கிலேயர்க்கே உரியது என்பது அக்காலத்து எழுதாச் சட்டம். 1908-ஆம் ஆண்டு, ஓய்வுபெறும் வயதுக்கு முன்னரே, பணியை விட்டு விலகினார். வெளிநாடுகளைக் காணப் புறப்பட்டார்.

அவர் இத்தாலி நாட்டிலிருந்தபோது நிசாம் அரசின் தந்தி வந்தது. 1908 செப்டம்பர் 28 அன்று ஐதராபாத்து நகரை மூசி ஆறு புகுந்து அழித்தது. ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர் என்பர். அப்சல்கஞ்சுப் பகுதியில் ஒரு புளியமரத்தின் மீது ஏறி நூற்றைம்பதின்மர் அளவில் உயிர் தப்பினர். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் அம்மரம் இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது.

1909-இல் ஐதராபாத்து வந்தவர் உடனே கட்டத் தொடங்கிவிடவில்லை. முதலில் எண்ணினார். மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 குளங்கள் இருந்தன. அவற்றுள் 221 அந்த மழையில் உடைந்தன என்பது தெரியவந்தது. மழை மட்டும் நகரை அழிக்கவில்லை. பேணாது விட்ட குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து ஆற்றிற் சேர்ந்தமையே வெள்ளத்தைப் பன்மடங்காக்கியது. பிற ஊர்களின் மழைக்கணக்குகளையும் வரவழைத்து ஒப்பிட்டு, இத்தகைய மழை மீண்டும் வருமா, வந்தால் எவ்வளவு நீர் திரளும் என்று மதிப்பிட்டார். அதன்பின்னரே நகருக்கு மேலே மூசியின் குறுக்கும் அதன் துணையாறான ஈசியின் குறுக்கும் இரண்டு தேக்கங்கள் வேண்டும் என்றார். உஸ்மான் சாகர் 1920-இலும் ஹிமாயத் சாகர் 1927-இலும் முடிந்தன. நகருக்குக் குடிநீர் தந்ததோடு, பெருமழையை ஏற்று நிறுத்தி, நகரம் தாங்கும் அளவில் மெல்ல விடுவதற்காகத் தேக்கத்தில் வெற்றிடம் வைத்திருக்கும் முறை அவற்றில் அமைந்தது. நிரப்பி வைப்பதே அணையின் வேலை என்று எண்ணுவார்க்கு இது வியப்பாக இருக்கலாம். 2018 ஆகஸ்டில் கேரளம் கண்ட பெருவெள்ளத்தின் பின், அணைகளில் வெள்ளத்துக்கென இடம் விடுதல் பற்றி இங்கே எழுந்த வாதங்களைக் கேட்டவர்க்கோ அதன் பொருள் நன்கு தெரியும்.

குளங்களை எண்ணிய அக்கணக்கு நம் கிழக்கேகோட்டைக்கும் பொருந்தும். இங்கு நீர் தேங்குவதற்கு மழையை மட்டும் குறை கூறுதல் அழகன்று. நீர் வடிய வேண்டிய தோடுகள் குறுகிப்போயின, மூடப்பட்டன, குப்பைக்கு உறைவிடமாயின. 2015-ஆம் ஆண்டு ஆப்பரேஷன் அனந்தா என்னும் பெயரால் அரசு கால்வாய்களைத் தேடித் தூர்வாரியபோது, கட்டடங்களுக்கு அடியிலே பழைய வடிகால்கள் புதைந்து கிடந்தமையை ஊரார் கண்டனர். சில ஆண்டுகள் நிலைமை சற்றுத் திருந்தியது. பின்னர் மீண்டும் பழைய கதையே. 2024 சூலையில் தம்பானூர் இரயில் நிலையத்தின் அடியிற் செல்லும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் மழைநீரில் அகப்பட்டு உயிரிழந்த கொடுமையை நாம் எளிதில் மறக்கலாகாது. நம் வீட்டுக் குப்பையும் அத்தோட்டில் இருந்திருக்கலாம்.

ஐதராபாத்துப் பணி நடந்துகொண்டிருக்கும்போதே மைசூர் அரசர் நான்காம் கிருஷ்ணராச உடையார் அவரை அழைத்தார். 1909 நவம்பரில் மைசூரின் தலைமைப் பொறியாளர் ஆனார். சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து 1902 முதல் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பி வந்தனர். கோடையில் ஆறு மெலியும், மின்சாரமும் மெலியும். மாண்டியா வட்டாரமோ மழை பொய்த்தால் பஞ்சம். இரண்டையும் தீர்க்கக் கண்ணம்பாடியில் காவிரியைத் தேக்கலாம் என்று திட்டம் இட்டார். செலவு கேட்டு அரசவையிலேயே பலர் திகைத்தனர். அரசர் துணிந்து இசைவு தந்தார். 1911-இல் வேலை தொடங்கிற்று. அடித்தளம் தோண்டிய இடத்தில், அதே ஆற்றுக்கு அணை கட்டத் திப்பு சுல்தான் 1794-இல் நாட்டிய பாரசீகக் கல்வெட்டு கிடைத்தது. எண்ணம் பழையது, அதை நிறைவேற்றும் கணக்குத்தான் புதியது.

சிமிட்டி அக்காலத்தில் பெரும்பாலும் கப்பலேறி வரவேண்டிய பண்டம். அதனைத் தவிர்த்து, சுட்ட செங்கற்பொடியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கிச் சாந்தினால் அணையை எழுப்பினர். நம் கோயில்களையும் குளக்கரைகளையும் கட்டிய கொத்தரின் கைக்குப் பழகிய சாந்து அது. 1895-இல் முடிந்த பெரியாற்று அணையும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டதே. புனாவில் கண்ட தானியங்கு கதவுகள் 48 இங்கும் அமைந்தன. அவற்றின் உறுப்புகள் அவரே நிறுவிய பத்ராவதி இரும்பாலையில் வார்க்கப்பெற்றன. இறக்குமதிப் பொருளை நம்பாது நாட்டுப் பொருளாலும் நாட்டு மக்கள் கையாலும் ஓர் அணை எழக்கூடும் என்று 49 டி.எம்.சி. நீரைத் தேக்கி நிறுவினர். வேலை முழுதும் முற்றுப்பெற்றது 1930-களின் தொடக்கத்திலே. அதற்குள் அவர் பதவி துறந்து பல்லாண்டு ஆகியிருந்தது. அவருக்குப் பின்வந்த பொறியாளர் பலரும், ஆயிரக்கணக்கான கூலியாட்களும், தம் ஊரையும் வயலையும் வேணுகோபாலர் கோயிலையும் நீருக்குக் கொடுத்துவிட்டு வெளியேறிய கண்ணம்பாடிப் பக்கத்து மக்களும் அவ்வணைக்கு உரியவரே. அவர்கள் பெயர்களைக் கல்லிற் பொறிக்க ஒருவரும் எண்ணவில்லை.

இனி, முதலிற் குறித்த மனத்தாங்கலைக் கூறுவோம். மேலே அணை எழுந்தால் கீழே தஞ்சையின் கதி என்ன? 1892-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி சென்னை மாகாணத்தின் இசைவு வேண்டும். சென்னை அரசு 11 டி.எம்.சி. அளவுக்கே இசைந்தது. மைசூரோ நாற்பதுக்கு மேற்பட்ட அளவுக்கு உரிய அகலத்தில் அடித்தளம் இட்டுவிட்டது. சென்னை எதிர்த்தது. வழக்கு நடுவரிடம் சென்றது, 1914-இல் தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாயிற்று, சென்னை மேல்முறையிட்டது. நெடுநாள் பேச்சுக்குப் பின் 1924 பிப்ரவரியில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பயனாகவே சென்னை மாகாணம் 1925-இல் மேட்டூர் அணையைத் தொடங்கி 1934-இல் முடித்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எழுந்த பூசல்களும், 1990-இல் அமைந்த நடுவர் மன்றமும், 2018-இல் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பும் யாவரும் அறிந்தவை.

விசுவேசுவரய்யா மைசூரின் ஊழியர். மைசூரின் நலனையே கருதினார். அகன்ற அடித்தளம் இட்டது பொறியாளரின் முன்னறிவா, அரசியல் சூழ்ச்சியா என்று இன்றும் வாதிடலாம். இரண்டும் கலந்தது என்றே எமக்குத் தோன்றுகிறது. நீராவின் கடைமடை உழவனுக்காக அத்துணை வாதாடியவர் காவிரியின் கடைமடையையும் அதே கண்ணால் நோக்கியிருக்கலாகாதா என்று தமிழர் கேட்பது தவறாகாது. ஆயினும் ஒன்றை ஒப்பவேண்டும். அவர் கேட்டதெல்லாம் அளவுக் கணக்கோடு கேட்டார். எதிர்த்து வாதிட்ட சென்னைப் பொறியாளரும் கணக்கைக் கொண்டே வாதிட்டனர். ஆற்றின் நீரோட்டத்தை ஆண்டுதோறும் அளந்து பதியும் பழக்கம் அப்பூசலால் இரு பக்கமும் வலுத்தது.

1912 முதல் 1918 வரை மைசூர் திவானாக இருந்தார். வங்கியும் பல்கலைக்கழகமும் சவர்க்காரத் தொழிலும் பொறியியற் கல்லூரியும் அந்த ஆறாண்டில் பிறந்தன. பிராமணரல்லாதார்க்கு அரசுப் பதவிகளில் பங்கு ஒதுக்கும் கொள்கையில் அரசரோடு கருத்து வேறுபட்டே பதவி துறந்தார். அக்கொள்கையில் அரசர் கண்டதே தொலைநோக்கு என்று நாம் கருதுகிறோம். பெரியோரும் எல்லாவற்றிலும் பெரியோராய் இருப்பதில்லை.

ஆராய்ச்சி இன்றி நாட்டுத்தொழில் இல்லை என்பது அவர் பிற்காலத்தில் விடாது வற்புறுத்திய கருத்து. 1923-இல் இலட்சுமணபுரியில் கூடிய இந்திய அறிவியல் பேரவைக்குத் தலைமை தாங்கினார். 1938 முதல் ஒன்பது ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆட்சிப் பேரவைத் தலைவராக இருந்து, தொழிற்கல்விப் பிரிவுகள் அங்கே வளர உதவினார். நீரியல் ஆராய்ச்சியின் வரலாற்றிலோ ஓர் இனிய பொருத்தம் உண்டு. 1916-இல் பம்பாய் அரசு ஹடப்சரில் தொடங்கிய நீர்ப்பாசன ஆராய்ச்சிப் பிரிவு 1925-இல் பெயர்ந்து சென்ற இடம் கடக்வாஸ்லா. அவருடைய முதற் கதவுகள் நின்ற அதே ஏரிக்கரை. ஏரியின் நீரையே மாதிரிக் கால்வாய்களில் ஓடவிட்டு, ஆறுகளின் போக்கையும் அணைகளின் உறுதியையும் சிறிய உருவில் சோதித்து அறியும் மத்திய ஆராய்ச்சி நிலையமாக அது இன்று விளங்குகிறது. பூண்டியில் 1944-இலும் நம் கேரளத்துப் பீச்சியில் 1960-இலும் அத்தகைய நிலையங்கள் எழுந்தன. பொறியியல் பயிலும் நம் காலனிப் பிள்ளைகள் பலர் பீச்சி அணையின் பூங்காவைக் கண்டிருப்பர்; அங்குள்ள ஆராய்ச்சிக் கூடத்தைக் கண்டவர் எத்தனை பேர் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

எழுபத்தைந்து வயதுக்கு மேலும் அவருக்கு ஓய்வில்லை. 1937-இல் ஒரிசாவின் வெள்ளத்தை ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1952-இல், தொண்ணூறு கடந்த முதுமையில், கங்கையின் மீது பாலம் எங்கே அமைக்கலாம் என்று காண அழைத்தபோது, பீகாருக்குச் சென்று இடங்களை நேரிற் கண்டு கருத்துரைத்தார். 1959-இல் மொகாமாவில் அப்பாலம் திறக்கப்பெற்றது. 1955-இல் பாரத ரத்னா விருது அவரை வந்தடைந்தது.

அவர் வாழ்நாளின் இறுதியாண்டிலே புனாவிலிருந்து ஒரு துயரச் செய்தி வந்தது. 1961 சூலை 12 அன்று, கட்டி முடியாத நிலையில் நீர் தேக்கிய பான்ஷேத் அணை உடைந்தது. அவ்வெள்ளம் கீழிறங்கிக் கடக்வாஸ்லாவைத் தாக்க, அவர் இளமையிற் கதவு பொருத்திய அதே பழைய கல்லணையும் உடைந்து, புனா நகரம் நீரில் மூழ்கியது. குறித்த மட்டத்துக்கு மேல் ஏறும் நீரை வெளிவிடக் கதவால் முடியும். மேலே ஓர் அணையே இடிந்து வருமாயின் எக்கதவும் போதாது. அணை பின்னர்ப் புதுக்கிக் கட்டப்பெற்றது. புனா இன்றும் அவ்வேரியின் நீரைப் பருகுகிறது.

1962 ஏப்ரலில் பெங்களூரில் அவர் உயிர் நீத்தார். உடலை முத்தேனஹள்ளிக்கே கொண்டுசென்று எரியூட்டினர். நந்தி மலையைப் பார்த்த வண்ணம் இருக்கும் அவ்வூரில் அவர் பிறந்த வீடும் நினைவிடமும் பேணப்படுகின்றன. வேலை தேடியும் கல்வி தேடியும் பெங்களூருக்குச் செல்லும் நம் பிள்ளைகள் விடுமுறை நாளில் நந்தி மலைக்கு ஏறுவது வழக்கம். இறங்கி வரும்போது அவ்வூர் பக்கத்திலேயே இருக்கிறது.